மீனெண்ணெய்ச் சங்கம்

மண்வெட்டி வைக்கோற்போருக்குள் போகமாட்டேன் என்று அடம்பிடித்தது.

அப்புத்துரை முழங்காலால் ஒரு தள்ளுத் தள்ளினார். அலகு உள்ளே போயிற்று, பிடி வெளியே நின்றது. கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. இன்னும் சற்று நேரத்தில் இரஞ்சிதம் எழும்பிவிடுவாள். அதற்குள் மண்வெட்டி மறைய வேண்டும், கால் சேறு கழுவ வேண்டும், பாயில் போய்ப் படுத்துக் குறட்டையும் விட வேண்டும்.

"என்னப்பா செய்யிறியள் அதுக்குள்ளை?"

எழும்பிவிட்டாள்.

அப்புத்துரை திரும்பினார். திரும்பிய வேகத்தில் வைக்கோல் வழுக்கி அப்படியே குந்திவிட்டார். நல்லதாய்ப் போயிற்று. பிடி முதுகுக்குப் பின்னால் மறைந்தது.

விஷயம் இதுதான். அறுபத்தோராம் ஆண்டுச் சிறுபோகம். குளத்தில் தண்ணீர் குறைவு. முரசுமோட்டைக்கு அப்பால் இருந்த குடியேற்றக் கொலனியில், வாய்க்கால் தண்ணீரை முறை வைத்து விட்டார்கள். தலைப்புக் காணிக்கு முதலில், பிறகு அடுத்த காணிக்கு, பிறகு அதற்கடுத்ததற்கு. அப்புத்துரையின் காணி கடைசிக் காணி. கலியாண வீட்டில் கடைசிப் பந்திக்குப் பாயசம் வருகிற மாதிரித்தான் அவருக்குத் தண்ணீர் வந்தது. வாளி வரும், அகப்பை வரும், பாயசம் வராது.

போன சிறுபோகம் முழுக்கப் பதர். இந்த முறையும் பதர் என்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேலணைக்குத் திரும்பி, மாமனார் வீட்டு விறாந்தையில் கிடக்க வேண்டியதுதான். ஆகவே மூன்று இரவாக அவர் மேலே இருக்கிற மடைகளை அடைத்து, தன்னுடைய மடையைத் திறந்து வந்தார். பச்சைத் தண்ணீர்க் களவு. பிடிபட்டால் போகம் முடியும்வரை தண்ணீர் மறிப்பு. பிறகு காணியே கைவிட்டுப் போகலாம்.

இதை இரஞ்சிதத்திடம் சொல்ல முடியாது. அவள் எதையும் தன் அண்ணனிடம் மறைக்கமாட்டாள். அண்ணன்தான் வாய்க்காலை மேற்பார்க்கிற ஓவசியர்.

அந்த நேரம் பார்த்துப் படலையில் சைக்கிள் மணி அடித்தது.

"தங்கச்சி! மச்சான் எழும்பிட்டாரே?"

ஓவசியர் செல்வநாயகம் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டுப் படலைக்கு வெளியிலேயே நின்றார். காக்கிக் காற்சட்டை கசங்கியிருந்தது. கண் இரண்டும் கொவ்வைப்பழம்.

"இரவும் ஆரோ மடையை மாத்திப் போட்டான். மூண்டு நாளாய் நித்திரை முழிச்சுக் காவல் நிக்கிறன், ஆள் அம்பிடுறான் இல்லை."

அப்புத்துரைக்கு மனம் கேட்கவில்லை. மூன்று இரவும் அவர் வாய்க்காலில் கண்ட காவல் நுளம்பு மட்டும்தான். மச்சான் ஏதாவது மரத்தடியில் அயர்ந்திருப்பார், பாவம்.

"உதென்ன மச்சான், காலெல்லாம் சேறு?"

கோழி ஒன்று கொக்கரித்தது. இரஞ்சிதம் காலைப் பார்த்தாள். ஓவசியர் காலைப் பார்த்தார். அப்புத்துரையும் அதை அப்போதுதான் காண்பவர்போலத் தன் காலைப் பார்த்தார்.

"குடிச்சிட்டன்" என்றார்.

"என்ன?"

"கள்ளு. நீ நித்திரையான பிறகு தவறணைக்குப் போனனான். வரேக்கை வாய்க்காலுக்கை விழுந்திட்டன்."

நாற்பது வயதுவரை கள்ளின் நிறம்கூட அவருக்குச் சரியாகத் தெரியாது. இரஞ்சிதம் குனிந்து மோந்து பார்த்தாள்.

"மணக்கேல்லையே?"

பதில் படலைக்கு வெளியிலிருந்து வந்தது.

"கொய்யா இலை சப்பியிருப்பார். சப்பினால் மணக்காது."

"ஓம், கொய்யா இலை" என்று அப்புத்துரை நன்றியோடு பிடித்துக்கொண்டார்.

இரஞ்சிதம் தலையில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். ஓவசியர் சைக்கிளில் ஏறினார்.

"அழாதை. குடிகாரனாலை மடை திறக்க ஏலாது, அது ஒரு நிம்மதி. சனிக்கிழமை விமலேஸ்வரி மிஸியின்ரை கூட்டத்துக்குக் கொண்டுபோய் விடு. குடியை விட விரும்புற ஆக்களுக்கு எண்டு அவா நடத்துறா."

அப்புத்துரைக்கு எங்காவது சாய்ந்தால் போதும் என்றிருந்தது. குடிகாரன் என்ற பெயரோடு போய்ப் படுத்துக்கொண்டார்.

விமலேஸ்வரி மிஸி கொலனியின் மருத்துவிச்சி. அங்கே தவழ்ந்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் அவர் கையில் விழுந்தவை. ஆகவே பெண்கள் எல்லோரும் அவர் பக்கம். பெண்கள் சமைத்ததைத்தான் சாப்பிட வேண்டியிருந்ததால் ஆண்களும் அவர் பக்கம்.

கூட்டம் கிளினிக்கில் நடந்தது. வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைத்தாய்ச்சிமார் இருக்கிற வாங்கில் சனிக்கிழமைகளில் குடிகாரர் இருந்தார்கள். தலைக்கு மேலே குழந்தைகளை நிறுக்கிற தராசு தொங்கியது. சுவர்ப் படத்தில் ஒரு தாய் குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

ஏற்கெனவே பத்துப் பேர் வந்திருந்தார்கள். எல்லோரும் அதே வாய்க்கால்காரர். ஒருவன் தோளில் மற்றவன் தலை, அவன் தோளில் அடுத்தவன் தலை என்று வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கண் குழி விழுந்திருந்தது. கை காய்த்துக் கொப்புளித்திருந்தது. குதிக்கால் வெடிப்புகளில் சேறு.

அப்புத்துரை வாசலிலேயே நின்றுவிட்டார். கள்ளு மனிதனை இப்படியா ஆக்கிவிடும்?

"நாக்கை நீட்டுங்கோ" என்றார் மிஸி. நீட்டினார்.

"கண்ணை விரியுங்கோ." விரித்தார்.

"சிவப்பு. உது நேற்றைய குடியில்லை. கனநாள் குடி. எழும்பி நிண்டு சொல்லுங்கோ, எவ்வளவு குடிச்சனீங்கள், எப்பிடிக் குடிச்சனீங்கள்? வெக்கப்பட வேண்டாம். இதிலை இருக்கிற எல்லாரும் உங்களைப்போலை விழுந்து எழும்பின ஆக்கள்தான்."

அதுதான் பயம். விஷயம் தெரிந்த பத்துப் பேர் முன்னால் பொய் சொல்ல வேண்டும்.

"ரெண்டு போத்தல்" என்றார்.

"எப்பிடி?"

"சுடச்சுட."

தூங்கிக்கொண்டிருந்த தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. போச்சு என்று நினைத்தார் அப்புத்துரை. தொடங்கியாயிற்று, இனி நிறுத்த முடியாது.

"சீனி போட்டு... ஆத்தி..."

ஒருவரும் சிரிக்கவில்லை. மிஸி கண்ணை மூடிக்கொண்டார்.

"கேளுங்கோ! பிள்ளையளுக்கு வாங்கின சீனி!"

பக்கத்தில் இருந்த யோகநாதன் மெல்லச் சாய்ந்தான். அப்புத்துரையின் காணிக்கு இரண்டு காணி மேலே அவன் காணி. கலியாணம் முடித்து ஒரு வருஷம் ஆகாத பொடியன்.

"அண்ணை, எத்தினை கரண்டி?"

"ஒண்டரை."

யோகநாதன் பாடம் பண்ணுகிற பிள்ளைபோலத் தலையாட்டினான். அவனுடைய முறை வந்தபோது அவனும் சுடச்சுட, ஒன்றரைக் கரண்டி என்று சொல்லிக் கண் கலங்கினான். அடுத்தவர் தகரப்பேணி ரின்பால் விட்டதாகச் சொன்னார். அதற்கடுத்தவர் விசுக்கோத்துத் தொட்டதாகச் சொன்னார். குடிப்பழக்கம் என்பது இவ்வளவு செலவான காரியமா என்று அப்புத்துரை மலைத்துப்போனார்.

கடைசியில் மிஸி ஒரு பெரிய போத்தலோடு வந்தார். பாலர்களுக்குக் கொடுக்கிற மீனெண்ணெய்.

"ஈரலுக்கு நல்லது. வாயைத் திறவுங்கோ."

கரண்டி உள்ளே போயிற்று. கள்ளு எப்படி இருக்குமோ தெரியாது. இதைவிட மோசமாக இருக்க வழியில்லை என்று அப்புத்துரை முடிவு செய்தார்.

இத்தோடு தொலைந்தது என்று எழும்பியபோது மிஸி மறித்தார்.

"புது ஆளுக்கு ஒரு துணை வேணும். யோகநாதன், நீர் இண்டையிலிருந்து இவரின்ரை வீட்டு விறாந்தையிலை படும். இரவிலை ஆள் படலையைத் தாண்டப்படாது. நீரும் தாண்டப்படாது."

யோகநாதனின் முகம் செத்துப்போயிற்று. அப்புத்துரையின் முகமும்தான்.

அன்று பின்னேரமே அவன் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டான். இரஞ்சிதம் புட்டும் மீன்குழம்பும் கொடுத்தாள். இரண்டு பேரும் படுத்தார்கள். இரண்டு பேரும் கூரையைப் பார்த்தார்கள்.

"தம்பி, நித்திரையோ?"

"இல்லை அண்ணை."

யோகநாதன் புரண்டு படுத்தான்.

"அண்ணை, நித்திரையோ?"

"இல்லைத் தம்பி."

பாவம், கள்ளில்லாமல் பொடியனுக்குக் கண் மூடுதில்லை என்று அப்புத்துரை இரங்கினார். அந்த இரக்கத்தில் ஒரு வழியும் தெரிந்தது.

"தம்பி, தாங்கேலாமல் கிடந்தால் ஒருக்காப் போட்டு வா. நான் மிஸிக்குச் சொல்லமாட்டன்."

"நீங்கள் போட்டு வாங்கோ அண்ணை. நானும் சொல்லமாட்டன்."

"எனக்கு வேண்டாம். நீ போ."

"மூத்தவர் நீங்கள், நீங்கள் முதல் போங்கோ."

மரியாதை முடிவதற்குள் சேவல் கூவிவிட்டது.

மற்ற இரவும் அப்படி. அதற்கடுத்த இரவும் அப்படி. பகலில் அப்புத்துரை வரம்பில் நடந்தபடியே தூங்கினார். கண் விழித்த வேளைகளில் வயலைப் பார்த்தார். பார்க்காமலே இருந்திருக்கலாம். நெல் கதிர் உள்ளே திரளும் குடலைப் பருவத்தில் நின்றது. தண்ணீர் கேட்கிற பருவம். நிலம் ஆனையிறவு உப்பளத்து ஓரம்போலப் பாளம் பாளமாய் வெடித்திருந்தது.

இரஞ்சிதம் பக்கத்தில் வந்து நின்றாள். அவளும் களைத்திருந்தாள். ஆனாலும் குரலில் கோபம் இல்லை.

"எனக்கொண்டும் விளங்கேல்லை அப்பா. நீங்கள் குடிச்சுத் திரிஞ்ச நேரம் வயல் பச்சைப்பசேலெண்டு கிடந்தது. குடியை விட்ட பிறகு காயுது."

அப்புத்துரை சொல்லிவிட வாயைத் திறந்தார். அவளுடைய அண்ணன் நினைவுக்கு வந்தார். வாயை மூடிக்கொண்டார்.

துணையைக் கழற்ற ஒரே வழி, முற்றாகக் குணமாகிவிடுவது. அடுத்த சனிக்கிழமை கூட்டத்தில் மிஸி கேட்கும் முன்பே எழுந்தார்.

"மிஸி, நான் அறவே விட்டிட்டன். நினைப்பே இல்லை. இனி எனக்குத் துணை தேவையில்லை."

மிஸி கைதட்டினார். அந்தச் சத்தத்தில் பத்துப் பேரும் திடுக்கிட்டு எழும்பி, எதற்கென்று தெரியாமலே கைதட்டினார்கள். கிளினிக் மேசையில் இருந்த செவ்வரத்தம் பூ அப்புத்துரையின் காதில் ஏறியது. பரிசாக இரண்டு கரண்டி மீனெண்ணெய்.

செய்தி கொலனி முழுக்கப் பரவியது. மறுநாள் காலை படலையில் சைக்கிள் மணி.

"மச்சான், பெருமையாய்க் கிடக்கு" என்றார் ஓவசியர், வழக்கம்போல வெளியிலேயே நின்றுகொண்டு. "இப்ப இந்த வாய்க்காலிலை உங்களைப்போலை நிதானமான ஆள் வேறை ஆர்? இந்தாருங்கோ, ரோச் லைற். இனி இரவிலை மதகடியிலை நீங்கள் காவல் நில்லுங்கோ."

"நானோ? நீங்கள்தானே மச்சான்..."

"எனக்கு இரவிலை வேறை சோலியளும் கிடக்கு. வாய்க்கால் உங்கடை பொறுப்பு. ஒரு மடை மாறினாலும் உங்களைத்தான் கேப்பன்."

அப்புத்துரை ரோச் லைற்றை வாங்கிக்கொண்டார். இனி யாருடைய வயலில் களவுத் தண்ணீர் நின்றாலும் அவருக்குப் பேச்சு. அவருடைய வயலில் நின்றால் பேச்சே தேவையில்லை.

இரவிரவாக மதகுக் கட்டில் குந்தியிருந்தார். தண்ணீர் காலுக்குக் கீழே சலசலத்துக்கொண்டு தலைப்புக் காணிகளுக்குப் போயிற்று. அதற்குக் களைப்பே இல்லை.

அந்த வாரம் அவரோடு ஒருவரும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. சங்கக்கடையில் நின்றால் விலகிப் போனார்கள். வாய்க்கால் கட்டில் எதிரே வந்த யோகநாதன் சைக்கிளை நிறுத்தாமலே சொன்னான்.

"உங்களாலை எங்கடை பிழைப்பே போச்சு அண்ணை."

"நான் என்ன செய்தனான்?"

"ஒண்டும் செய்யேல்லை. மதகிலை வடிவாய் இருந்தனீங்கள்."

குடியை விட்டவனைக் குடிகாரருக்குப் பிடிக்காதுதான் என்று அப்புத்துரை பெருமூச்சு விட்டார். அவருடைய நெல்லுக்கு இன்னும் ஒரு தண்ணீர் போதும். ஒரே ஒரு முறை. இரண்டு மூன்று நாளுக்குள் கிடைக்காவிட்டால் ஆண்டவனே பாய்ச்சினாலும் பயனில்லை.

வெள்ளிக்கிழமை மிஸி ஆள் அனுப்பினார். நாளை பெரிய கூட்டம். சந்திக்கு அப்பால் பனங்கூடலுக்குள் இருக்கிற தவறணையை மூடுவிக்க அரசாங்கக் கச்சேரிக்கு விண்ணப்பம் போகப் போகிறது. வாசலில் பூட்டுத் தொங்கினாலும் பின்பக்கத்தால் விடிய விடிய ஊற்றுகிறார்களாம். பெண்கள் எல்லோரும் வருவார்கள். ஓவசியர் செல்வநாயகம் பிரதம விருந்தினர்.

அப்புத்துரை ஒரு முடிவுக்கு வந்தார். நாளைக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடுவது. குடித்ததில்லை, களவெடுத்தேன், என்ன தண்டனை என்றாலும் தாருங்கள், ஆனால் இந்த நெல்லுக்கு ஒரு தண்ணீர் விடுங்கள் என்று மச்சானின் காலில் விழுவது. பொய்யைக் காவிக்கொண்டு நடக்க இனி உடம்பில் பெலன் இல்லை.

கூட்டத்துக்கு வர ஓவசியருக்கும் விருப்பமில்லை. "எனக்கு மேடைக் கூச்சம் தங்கச்சி" என்று தப்பப் பார்த்தார். இரஞ்சிதம் சைக்கிள் கரியரைப் பிடித்துக்கொண்டே கிளினிக் வாசல்வரை வந்துவிட்டாள்.

அவரைக் கதிரையில் இருத்தினார்கள். வாங்கில் அப்புத்துரையும் பத்துப் பேரும். யன்னலெல்லாம் பெண்களின் முகம்.

இருந்த பிறகு ஓவசியருக்குக் கூச்சம் போய்விட்டது.

"குடிகாரன் வீட்டுக்கும் ஆகான், வயலுக்கும் ஆகான்! அவனுக்கு இரவு எது பகல் எது எண்டு தெரியாது! நான் இந்த வாய்க்காலுக்காக எத்தினை இரவு கண் முழிச்சிருக்கிறன்..."

அப்புத்துரை எழுந்தார்.

"மச்சான், நான் ஒண்டு சொல்ல வேணும்..."

"பொறுங்கோ" என்றார் மிஸி. "உங்களுக்கு முதல் வேறை ஒராள் இருக்கிறார். சின்னராசா, உள்ளை வாரும்!"

வெள்ளை வேட்டியும் படிய வாரிய தலையுமாக ஒரு மெலிந்த மனிதர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கும்பிட்டார். தவறணைக்காரர். அதே நேரம் ஓவசியரின் கைலேஞ்சி தவறி விழுந்தது. அவர் கதிரைக்குக் கீழே குனிந்து அதைத் தேடத் தொடங்கினார். கைலேஞ்சி அவர் காலடியிலேயே கிடந்தது. ஆனாலும் தேடிக்கொண்டிருந்தார்.

"உம்மாலை சீரழிஞ்ச குடும்பங்களை வடிவாய்ப் பாரும்" என்றார் மிஸி. "இவையின்ரை முகத்தைப் பார்த்து, இனி உங்களுக்கு ஊத்தமாட்டன் எண்டு சொல்லும்!"

சின்னராசா வாங்கின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நடந்தார். திரும்பவும் ஒருமுறை நடந்தார்.

"மிஸி, ஆள் மாறிப்போச்சுப் போலை. இவையிலை ஒருத்தரையும் நான் முன்னைப்பின்னை கண்டதில்லை."

"பொய்! இவர் உம்மட்டை ரெண்டு போத்தல் குடிச்சவர். சுடச்சுட, சீனி போட்டு!"

சின்னராசாவின் முகம் உண்மையான வேதனையில் சுருங்கியது.

"கள்ளுக்கோ? சீனியோ?"

அப்புத்துரை யோகநாதனைப் பார்த்தார். யோகநாதன் ரின்பால்காரரைப் பார்த்தான். ரின்பால்காரர் விசுக்கோத்துக்காரரைப் பார்த்தார். பிறகு எல்லோரும் ஒருவர் குதிக்காலை ஒருவர் பார்த்தார்கள். கொப்புளித்த கைகள் எல்லாம் ஒரே நேரத்தில் வேட்டி மடிப்புக்குள் ஒளிந்தன.

கதிரைக்குக் கீழே இருந்த தலை மெல்ல நிமிர்ந்தது. ஓவசியருக்கும் விளங்கிவிட்டது.

"அப்ப... இரவிலை இவ்வளவு பேரும் எங்கை போனவை?"

பதினொரு பேரும் கால்களை வாங்குக்குக் கீழே இழுத்துக்கொண்டார்கள்.

"ஓகோ! ஒருத்தன் எண்டு நினைச்சன். முழு வாய்க்காலும் கள்ளரோ? மச்சான், நீங்களுமோ?"

"அதைத்தான் சொல்ல எழும்பினனான்" என்றார் அப்புத்துரை, ஈனமான குரலில்.

"ஒரு கதையும் வேண்டாம். நாளைக்கே பதினொரு மடைக்கும் பூட்டு. போகம் முடியுமட்டும் ஒரு சொட்டுத் தண்ணி இல்லை!"

"அண்ணை!" என்று யன்னலில் இரஞ்சிதம் அலறினாள். "நெல்லு குடலை, அண்ணை!"

"கடமை எண்டால் கடமைதான் தங்கச்சி." ஓவசியர் எழுந்து நின்று காற்சட்டையை மேலே இழுத்துவிட்டார். தவறணைக்காரரை இப்போது அவர் நேராகவே பார்த்தார். "நீர் சாட்சி. மடை மாறின இரவுகளிலை இவையிலை ஒருத்தரும் உம்மட்டை இருக்கேல்லை எண்டு எழுதிக் கையெழுத்து வைச்சுத் தர வேணும். ஏலுமோ?"

சின்னராசா பயபக்தியோடு தலையைச் சொறிந்தார்.

"ஏலும் ஐயா. ஆனால் கள்ளுக்காரன்ரை கையெழுத்தைக் கச்சேரியிலை மதிப்பினமோ தெரியாது. நீங்களும் பக்கத்திலை ஒண்டு வையுங்கோவன், அந்த இரவுகளிலை விடிய விடிய என்ரை வாங்கிலை இருந்தது நீங்கள் ஒராள்தானே."